நடை, ஜிம், தண்ணீர்ப் போத்தல்: நீரிழிவோடு தசையைக் காக்க மூன்று வழிகள்

மாலை ஐந்தரைக்குப் பின் திருகோணமலை உட்துறைமுக வீதியில் கைவீசி நடப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அவர்களுள் கணிசமானோர் வீட்டில் கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள் என்பது இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும். “சீனி எவ்வளவு நிற்குது?” என்பதுதான் இப்போது எங்கள் வயதுக்காரர் சுகம் விசாரிக்கும் முறை. பதினொரு வருடமாக மெற்ஃபோமின், கிளிக்ளசைட் என்ற இரண்டு நீரிழிவு மாத்திரைகளையும் எடுத்து வருகிற நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். நடையில் எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை. ஆனால் நீரிழிவுக்கு நடை ஒன்றே போதும் என்ற எங்கள் ஊர் நம்பிக்கை பாதி உண்மை மட்டுமே. மற்றப் பாதி பளுப் பயிற்சி. அதை எங்கே, எதைக் கொண்டு செய்வது என்பதில் நான் மூன்று வழிகளையும் வெவ்வேறு காலங்களில் கடைப்பிடித்துப் பார்த்திருக்கிறேன்: முதலில் நடை மட்டும், பிறகு ஏழு மாதம் ஜிம், இப்போது வீட்டில் றப்பர் பட்டியும் தண்ணீர்ப் போத்தலும்.

தசைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இன்சுலின் இரத்தத்திலிருந்து அகற்றும் குளுக்கோசில் பெரும்பங்கு போய்ச் சேருமிடம் எங்கள் கை, கால், முதுகுத் தசைகள்தாம். அதற்கும் மேலாக, வேலை செய்து சுருங்குகிற தசை, இன்சுலினின் உத்தரவுக்குக் காத்திராமல் தானே குளுக்கோசை உள்ளே இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பின்னும் 24 முதல் 72 மணித்தியாலம் வரை இன்சுலினுக்கு அது கூடுதலாக இணங்கி நடக்கும். நெல்லுக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டால், நடை களஞ்சியத்தில் இருப்பதை எடுத்துச் செலவழிக்கிறது, பளுப் பயிற்சியோ களஞ்சியத்தையே பெருப்பிக்கிறது. வயது ஏற ஏறத் தசை தானாகவே சுருங்கும் என்பதால், ஐம்பதைத் தாண்டியவருக்குப் பெருப்பிப்பது கிடைக்காவிட்டாலும் இருப்பதைக் காப்பாற்றுவதே பெரிய இலாபம்.

இது ஜிம்காரரின் விளம்பரப் பேச்சு அல்ல. 2007 இல் வெளியான கனடிய ஆய்வொன்றில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள 251 பேரைப் பிரித்து, சிலரை நடை, சைக்கிள் போன்ற மூச்சுப் பயிற்சியிலும், சிலரைப் பளுவிலும், சிலரை இரண்டிலும் 22 கிழமை ஈடுபடுத்தியபோது, இரண்டையும் செய்தவர்களுக்கே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அதிகம் இறங்கியது. 2010 இல் அமெரிக்காவின் லூசியானாவில் 262 பேருடன் ஒன்பது மாதம் நடந்த ஆய்வும், தனி நடையாலோ தனிப் பளுவாலோ கிடைக்காத பலன் இரண்டும் சேர்ந்தபோது கிடைத்ததாகவே காட்டியது. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 2023 இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு. உடற் பருமன் இல்லாத, மெலிந்த நீரிழிவுக்காரரை மட்டும் எடுத்துக்கொண்ட அந்த ஆய்வில், பளு தூக்கியவர்களுக்கு எச்பிஏ1சி 0.44 சதவீதப் புள்ளி இறங்க, மூச்சுப் பயிற்சி செய்தவர்களுக்கு 0.24 தான் இறங்கியது. தெற்காசியருக்கு வெள்ளையரை விடக் குறைந்த நிறையிலேயே நீரிழிவு வந்துவிடும் என்பது தெரிந்த சங்கதி. ஒல்லிக் கால், மெலிந்த தோள், சாரத்துக்கு மேலே மட்டும் ஒரு சின்னத் தொந்தி என்ற எங்கள் ஊர் உடல்வாகை நினைத்துக்கொண்டு அந்த முடிவை வாசியுங்கள்.

இனி ஒவ்வொன்றாக.

நடையின் பெருமை அதன் எளிமை. காசு இல்லை, கற்க வேண்டியதும் இல்லை. இரவு இடியப்பமும் சொதியும் சாப்பிட்ட கையோடு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், சாப்பாட்டுக்குப் பிந்திய சீனி ஏற்றம் மட்டுப்படுவதை வீட்டுக் குளுக்கோமீட்டரிலேயே பார்த்துவிடலாம். இந்த ஒரு விடயத்தில் மற்ற இரண்டு வழிகளும் நடைக்கு ஈடில்லை. இதயத்துக்கும் பிரஷருக்கும் அது செய்யும் நன்மை தனி. கிழமைக்கு 150 நிமிட மிதமான மூச்சுப் பயிற்சி, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல், என்ற பொது விதியை நடையாலேயே நிறைவேற்றிவிடலாம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தினமும் அதே வீதியில், அதே வேகத்தில், அதே நாற்பது நிமிடம் நடப்பவரின் தசைக்கு மூன்றாவது மாதத்துக்குப் பின் புதிதாக எந்தச் சுமையும் கிடைப்பதில்லை. தோளுக்கும் முதுகுக்கும் முதல் நாளிலிருந்தே கிடைப்பதில்லை. பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து மான்களைப் பார்த்தபடி கோணேசர் கோயில் வரை ஏறுகிறவருக்குக் கால் தசையாவது கொஞ்சம் தேறும். அங்கேயும் ஒரு எச்சரிக்கை உண்டு: நரம்புணர்ச்சி குறைந்த பாதத்தோடு நண்பகல் வெயிலில் கோயிற் கல்லில் வெறுங்காலாக நடந்தால், பாதம் வெந்தது வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்க்கும்போதுதான் தெரியும். கடற்கரை மணலில் வெறுங்கால் நடை ஆரோக்கியம் என்று சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். மணலுக்குள் கிடக்கும் சிப்பியும் போத்தல் ஓடும் நீரிழிவுக் காலுக்கு இரக்கம் காட்டாது. போதாததற்கு, கார்த்திகை மார்கழி மழையில் எங்கள் நடைக் கூட்டம் ஒன்றரை மாதம் காணாமற் போய்விடும். கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் பாதிப் பேர் புழுதிக்குப் பயந்து நின்றுவிடுவார்கள்.

ஜிம் மழைக்கும் காற்றுக்கும் அஞ்சாது. அதன் உண்மையான பலம் குளிரூட்டியோ கண்ணாடிச் சுவரோ அல்ல, அங்குள்ள இரும்புத் தட்டுகள். இந்தக் கிழமை 20 கிலோ, அடுத்த கிழமை 22.5 கிலோ என்று சுமையை அளந்து ஏற்றலாம். இருந்தபடி காலால் தள்ளும் இயந்திரம், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கும் முழங்கால் தேய்ந்தவருக்கும் நின்று தூக்கும் பார்பெல்லை விடப் பாதுகாப்பானது. தொடையும் இடுப்பும் உடலின் மிகப் பெரிய தசைகள் என்பதால், குளுக்கோசை விழுங்கும் கணக்கில் அந்த ஒரு இயந்திரம் கைக்குச் செய்யும் பத்துப் பயிற்சிக்குச் சமம் என்பது என் கருத்து.

ஆனால் ஜிம் நீரிழிவுக்காரருக்காகக் கட்டப்பட்டதல்ல. நான் சேர்ந்த இடத்தில் நிரப்பத் தந்த படிவத்தில் பெயர், தொலைபேசி இலக்கம், நிறை ஆகியவை இருந்தன. நோய், மருந்து என்று ஒரு வரி இருக்கவில்லை. முதலாவது கிழமையில் ஒரு நாள், காலையில் கிளிக்ளசைட் போட்டு, பன்னிரண்டரைக்கு மதியச் சாப்பாடு முடித்து, கந்தோரிலிருந்து நேரே ஐந்தரைக்கு அங்கே போய்விட்டேன். இருந்தெழும்பும் பயிற்சியில் மூன்றாவது செற்றின்போது, ஏற்கெனவே ஊறியிருந்த சூடான வியர்வைக்கு மேல் பிடரியில் குளிர்ந்த வியர்வை ஒன்று வேறாகப் படர்வதை உணர்ந்தேன். டம்பெல்லை வைத்த பிறகும் விரல் நடுங்கியது. பயிற்சி தரும் பெடியன் சிரித்துக்கொண்டு, “முதல் கிழமை உப்பிடித்தான் ஐயா இருக்கும், இன்னும் ஒரு செற் செய்யுங்கோ” என்றான். பையிலிருந்த குளுக்கோமீட்டர் 61 (டெசிலீட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) காட்டியது. அங்கே குடிக்க இருந்தவை தண்ணீரும் புரத மாவும் மட்டுமே. பக்கத்துக் கடைக்கு ஆளனுப்பிச் சோடா வாங்கிக் குடித்துவிட்டுக் கால்மணி நேரம் வாங்கில் இருந்தேன். பெடியனில் பிழை சொல்ல மாட்டேன், அவனுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. களைப்பு நடுக்கத்துக்கும் சீனி இறங்கிய நடுக்கத்துக்கும் வேறுபாடு தெரியாத இடத்தில், அதை அறிய வேண்டியவர் நாம்தான்.

கணக்கு இது. சீனி 70 க்குக் கீழே போனால் பயிற்சியை அந்த இடத்திலேயே நிறுத்தி, மூன்று தேக்கரண்டிச் சீனி கரைத்த தண்ணீரோ அரைக் கிளாஸ் சோடாவோ குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். இன்சுலினோ, கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் போன்ற, இன்சுலினைச் சுரக்கவைக்கும் வகை மாத்திரையோ எடுப்பவர், தொடங்கும் முன் 90 க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டே தொடங்க வேண்டும். மெற்ஃபோமின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. மறுபக்கத்தில், 250 க்கு மேல் நின்று உடம்பும் சுகமில்லை என்றால், குறிப்பாக முதலாம் வகை நீரிழிவுக்காரர், சிறுநீரில் கீற்றோன் (இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் சேரும் அமிலப் பொருள்) இல்லை என்று உறுதிப்படுத்தாமல் பளுவைத் தொடக்கூடாது.

இதற்கு நேர்மாறான அதிர்ச்சியும் ஒன்று உண்டு. கடுமையாகத் தூக்கிய ஒரு நாள், தொடங்கும்போது 148 இருந்தது முடிக்கும்போது 176 ஆகிவிட்டது. பயிற்சியே எனக்கு ஒத்துவரவில்லை என்று அன்றிரவு முடிவு கட்டிவிட்டேன். பிறகுதான் விளங்கியது: பெரிய சுமை தூக்கும்போது சுரக்கும் அட்ரினலின் ஈரலில் இருக்கும் குளுக்கோசை வெளியே தள்ளும், அது தற்காலிகமானது, ஓரிரு மணித்தியாலத்தில் இறங்கிவிடும். ஜிம்மை இரண்டாம் கிழமையில் கைவிடும் நீரிழிவுக்காரர்களில் எத்தனை பேர் இந்த ஒரு இலக்கத்தைப் பார்த்துப் பயந்து விட்டவர்களோ!

புரத மாவைப் பற்றி ஒரு வார்த்தை: சிறுநீரகத்தில் பழுது தொடங்கியவருக்கு அது தேவையற்ற சுமை, மற்றவர்களுக்கு எங்கள் சந்தைச் சூடை மீனும் கீரி மீனும் அவித்த கடலையும் முட்டையும் போதும்.

மூன்றாவது வழிக்கு நான் வந்தது விருப்பத்தால் அல்ல. வேலை நேரம் மாறியதால் ஜிம் விடுபட்டது. வீட்டில் வெறுமையாகக் கிடந்த கைபிடியுள்ள ஐந்து லீட்டர்த் தண்ணீர்ப் போத்தல்கள் இரண்டு கண்ணிற் பட்டன. ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இதைவிட நேர்மையான பளு எந்தக் கடையிலும் கிடையாது. மூன்று லீட்டரில் தொடங்கி, பதினைந்து தடவை தடுமாறாமல் தூக்க முடிந்த கிழமையில் அரை லீட்டர் கூட்டி ஊற்றுகிறேன். போத்தலின் வெளியே பேனையால் கோடு கீறித் திகதி எழுதியிருக்கிறேன். தண்ணீர் உள்ளே அலைவதால் மணிக்கட்டும் தோளும் அதைக் கட்டுப்படுத்த இன்னும் கொஞ்சம் உழைக்கின்றன. ஐந்து லீட்டரைக் கடந்தவர் ஒரு போத்தலில் கட்டட மணலை நிரப்பினால் ஏறத்தாழ எட்டுக் கிலோ வரும். முதுகுக்கு யன்னல் கம்பியில் சுற்றிய றப்பர் பட்டி, நெஞ்சுக்குச் சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், காலுக்கு ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக் கதிரையிலிருந்து எழும்பி இருத்தல். இவ்வளவும் முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

றப்பர் பட்டியை நம்புவதில் ஒரு எல்லை உண்டு. எங்கள் உப்புக் காற்றிலும் வெக்கையிலும் அது விரைவில் வெடிப்பு விடும். இழுத்துப் பிடித்திருக்கும்போது அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும் என்பதால், மாதத்துக்கு ஒரு தடவை வெளிச்சத்தில் நீட்டிப் பார்ப்பது அவசியம். இரண்டாவது குறை, பிழையைத் திருத்த ஆளில்லை. மூன்றாவதும் பெரியதுமான குறை, கால் தசை ஓர் ஆண்டுக்குள் இந்தப் பளுவைத் தாண்டி வளர்ந்துவிடும். அந்த இடத்தில் ஜிம்மின் இயந்திரத்துக்கு வீட்டில் மாற்று இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருந்தும் என் தேர்வு வீடுதான். காரணம் சீனிக் கணக்கே. கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல், மாதக்கணக்கில் நிற்காமல் செய்தால்தான் பளுப் பயிற்சி எச்பிஏ1சியில் தெரியும்; 72 மணித்தியாலத்தைத் தாண்டி இடைவெளி விட்டால் தசையின் அந்த இணக்கம் கரைந்துவிடும். ஏழு மாத ஜிம் காலத்தில் நான் கிழமைக்கு மூன்று நாள் போனது முதல் இரண்டு மாதம் மட்டும். வீட்டில், மார்கழி மழையிலும்கூட, தவறவிட்டவை எண்ணக்கூடிய நாட்கள். எச்பிஏ1சி 8.1 இலிருந்து 7.3 க்கு வந்திருக்கிறது. அதே காலத்தில் இரவுச் சோற்றையும் குறைத்தேன் என்பதால் முழுப் பெருமையையும் போத்தலுக்குக் கொடுக்க முடியாது. ஆண்கள் நிறைந்த ஜிம்முக்குப் போகக் கூச்சப்படும் பெண்களுக்கும், பேருந்து பிடித்துப் பட்டணம் வரவேண்டிய நிலாவெளி, மூதூர்க்காரருக்கும் இந்தத் தேர்வு இன்னும் பொருந்தும். மாறாக, முப்பது நாற்பது வயதில் நோய் பிடிபட்டவரும், முன்பு விளையாட்டில் இருந்தவரும் ஜிம்முக்கே போகட்டும். போத்தல் அவர்களுக்குப் போதாது. முறையைப் பழக முதல் மூன்று மாதம் ஜிம்மில் இருந்துவிட்டு வீட்டுக்கு வருவதும் நல்ல ஏற்பாடு.

நேரத்தைப் பொறுத்தவரை, மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் தொடங்குவதே மூன்று வழிகளிலும் மோசமானது. சாப்பிட்டு ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பின் தொடங்குவது வசதி. இன்சுலின் போடுபவர் மாலையில் கடுமையாகச் செய்தால் நள்ளிரவில் சீனி இறங்கக்கூடும் என்பதால், படுக்கும் முன் ஒரு தடவை பார்க்க வேண்டும். நோன்பு காலத்தில் இஃப்தாருக்கு முந்திய மணித்தியாலத்தில் பளுவைத் தொடாமல், நோன்பு திறந்த பிறகுக்கு மாற்றிக்கொள்வது கிண்ணியா நண்பர் ஒருவரின் வழக்கம். தராவீஹ் தொழுகையில் குனிந்து நிமிர்வதையும் அன்றைய உடற்பயிற்சியாகவே கணக்கில் எடுக்கிறார், அது சரியும்கூட.

எந்த வழியானாலும் தம் பிடித்துத் தூக்கக்கூடாது. தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். தம் பிடித்தால் பிரஷர் சட்டென்று ஏறும், விழித்திரையில் புது இரத்தக் குழாய்கள் முளைத்திருப்பவருக்கு அந்த ஏற்றமே கண்ணுக்குள் கசிவை உண்டாக்கிவிடும். அப்படிப்பட்டவர், கண் வைத்தியர் சம்மதிக்கும் வரை கனத்த பளுவையும் தலைகீழாகக் குனியும் பயிற்சியையும் விட்டு நடையோடு நிற்பதே சரி. காலில் ஆறாத புண் உள்ளவருக்கு இது தலைகீழ்: அவர் நடையை நிறுத்திவிட்டு, கதிரையில் இருந்தபடி கைப் போத்தலைத் தூக்கலாம். நான் தொடங்கும் முன் கிளினிக்கில் கண், பாதம், சிறுநீர்ப் புரதம், பிரஷர் ஆகிய நான்கையும் பார்த்துக்கொண்டேன். வருடாந்தக் கண் பரிசோதனைத் திகதி வரும் மாதத்தில், அதன் முடிவு கைக்கு வரும் வரை, போத்தலில் நான்கு லீட்டர்க் கோட்டுக்கு மேல் ஊற்றுவதில்லை.