இடுப்பு மூட்டுக்கு "ஆபரேஷன் வேண்டாம், ஊசி போதும்" என்றார்கள். 1,38,000 ரூபாய் போச்சு. மும்பைக்காரர்கள் கட்டாயம் படியுங்கள்

இன்று தேதி 5. காலை ஆறரைக்கு போன் டிங் என்றது. கணக்கிலிருந்து 11,500 ரூபாய் எடுத்துக்கொண்டார்கள். ஆறாவது தவணை. இன்னும் ஆறு பாக்கி. மொத்தம் 1,38,000. எந்த மூட்டைக் காப்பாற்ற இந்தக் கடனை வாங்கினேனோ அந்த மூட்டு இப்போது என் உடம்பிலேயே இல்லை. வெட்டி எடுத்து 24 நாள் ஆகிறது.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை போய்க் காபி போட்டுவிட முடிகிறது. இரண்டு கையும் வாக்கரில் இருப்பதால் டம்ளரை எடுத்துக்கொண்டு வர முடிவதில்லை. மேடை ஓரமாக நின்றே குடிக்கிறேன். அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் மன்னியுங்கள். இப்படி ஒரு இடத்துக்குப் போவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

செம்பூரில் இருக்கிறேன். வயது 42. மலை ஏறுகிற பைத்தியம் உண்டு. மழை தொடங்கிவிட்டால் வெள்ளிக்கிழமை ராத்திரி கசாரா லோக்கலில் ஏறாமல் இருக்க முடியாது. போன ஜூனில் கல்சுபாய் போனோம். 1,646 மீட்டர், மகாராஷ்டிராவில் அதைவிட உயரம் இல்லை. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது அந்த இரும்பு ஏணிகளில் வலது காலை ஊன்றும்போதெல்லாம் தொடை இடுக்கில் சுருக்கென்றது. தசைப் பிடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். இடுப்பு மூட்டு கெட்டால் இடுப்பில் வலிக்கும் என்றுதானே நினைப்போம்? அந்த வலி தொடை இடுக்கில்தான் பெரும்பாலும் வருமாம், சில பேருக்கு முழங்காலில்கூட. எனக்கு யார் சொன்னார்கள்? ஸ்ப்ரே அடித்தே ஒரு மாதம் ஓட்டினேன். சம்மணம் போட்டு உட்கார முடியாமல் போன பிறகுதான் எலும்பு டாக்டரிடம் போனேன்.

எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை. எம்.ஆர்.ஐ.யில் தெரிந்துவிட்டது. ஏ.வி.என்., அதாவது அவாஸ்குலர் நெக்ரோசிஸ். தொடை எலும்பின் தலை பந்து மாதிரி இருக்கும் இல்லையா, அதற்குப் போகிற ரத்த ஓட்டம் நின்று எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்துக்கொண்டு வருவது. ஸ்டீராய்டு எடுத்தீர்களா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் நுரையீரல் வரை போய், வாரக்கணக்கில் கொடுத்தார்கள். அதற்கப்புறம் வீசிங்குக்காக இரண்டு மூன்று தடவை. அடுத்து, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். அதுவும் ஒரு காரணமாம். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆரம்ப நிலைதான், பந்து இன்னும் உருண்டையாகத்தான் இருக்கிறது, இடியவில்லை என்றார். கோர் டீகம்ப்ரஷன் என்று ஒன்று செய்யலாம். எலும்புக்குள் துளை போட்டு அழுத்தத்தைக் குறைத்தால் புது ரத்தக் குழாய்கள் வர வழி கிடைக்கும். அதற்கப்புறம் ஆறு வாரம் போல ஊன்றுகோல், அந்தக் காலில் பாரம் போடக்கூடாது. "எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பந்து இடிந்துவிட்டால் இதனால் பலன் இல்லை. தள்ளிப் போடாதீர்கள்" என்றார். நேர்மையான பேச்சு. அந்த நேர்மைதான் எனக்குப் பிடிக்காமல் போனது. ஊரிலிருந்து அம்மா வேறு போனில், "நல்லா நடந்துக்கிட்டு இருக்கிறவளுக்கு எலும்புல எதுக்குடி ஓட்டை போடணும்?" என்று அழுதாள்.

அன்றைக்கு ராத்திரி போனில் தேடினேன். மறுநாளிலிருந்து எதைத் திறந்தாலும் இடுப்பு, மூட்டு, ஊசி. கத்தி வேண்டாம், படுக்கை வேண்டாம், ஸ்டெம் செல் ஊசியால் எலும்பு திரும்ப வளரும் என்று ஒரு ரீல். மேற்குப் புறநகரில், ஒரு ஜிம்முக்கு மேல் மாடியில், பளபளவென்று இருக்கும் 'மூட்டு மறுவாழ்வு' சென்டர். பெயரைப் போட முடியாது, வக்கீல் வேண்டாம் என்கிறார். பெயரையும் எண்ணையும் நிரப்பி அனுப்பினேன். இருபது நிமிஷத்தில் போன் வந்தது.

இந்தியில்தான் ஆரம்பித்தான். என் பெயரைத் திருப்பிச் சொன்னவன் ஒரு நொடி நிறுத்தினான். "அக்கா, நீங்க தமிழா? பேரைப் பார்த்ததுமே நினைச்சேன். எங்கம்மாவுக்கும் நெல்லைப் பக்கம்தான்."

அவ்வளவுதான். அங்கேயே என் பணம் போய்விட்டது, ஓ.டி.பி. பிறகுதான் வந்தது.

இருபத்தொரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஆட்டோக்காரரிடம் சண்டை போடுகிற அளவுக்கு இந்தி வரும், காய்கறிக்காரரிடம் மராத்தியும் கொஞ்சம். வலியைச் சொல்வதற்கு மட்டும் போதாது. சுருக்கென்று குத்துவதும் விண்விண்ணென்று தெறிப்பதும் ராத்திரியில் கடுகடுவென்று கடுப்பதும் என் இந்தியில் 'தர்த்' என்ற ஒரே சொல்தான். இவனிடம் நாற்பது நிமிஷம் சொன்னேன். "ராத்திரி புரண்டு படுக்கும்போது ஜாஸ்தியாகுதாக்கா?" என்று கேட்டான். ஆமாம் தம்பி என்றேன். எந்த டாக்டரும் என்னை அவ்வளவு நேரம் பேசவிட்டதில்லை. அவன் டாக்டர் இல்லை, 'பேஷன்ட் கவுன்சிலர்' என்பதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நேரில் போனபோதும் அவனேதான். இஞ்சி டீ வரவழைத்தான். செவரில் டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி படம். "இவரு இடுப்பு முடிஞ்சுபோச்சுன்னாங்கக்கா. திரும்பி வந்து கப்பு அடிச்சாரா இல்லையா?" அடித்தார்தான். 2019 ஜனவரியில் லண்டனில் ஆபரேஷன் செய்து, பந்தின் மேல் உலோக மூடி பொருத்திக்கொண்டு, அதே வருஷம் அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் ஒற்றையர் பட்டம் வென்றார். ஆபரேஷன்! இதைப் போன வாரம் கட்டிலில் கிடந்தபடி படித்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆறு அமர்வு, 1,38,000. அவ்வளவு கையில் இல்லை என்றேன். "எதுக்குக்கா கையில? மாசம் 11,500, வட்டியே இல்ல. நம்ம அக்காவுக்கு நானே போட்டுத் தர்றேன்." ஒரு கடன் செயலியை என் போனிலேயே இறக்கி, ஆதார், பான் எல்லாம் அவனே நிரப்பினான். ஓ.டி.பி. வந்தது, படித்துச் சொன்னேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று பக்கத்துக்கு ஒரு படிவம் நீட்டினான், கையெழுத்துப் போட்டேன். பணம் திரும்பத் தரப்படாது என்பது மூன்றாம் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்திருக்கிறது.

செப்டம்பரில் முதல் ஊசி, அக்டோபரில் இரண்டாவது. கையிலிருந்து ரத்தம் எடுத்து ஒரு மெஷினில் சுற்றவிட்டு, மஞ்சளாகத் தெளிந்ததை இடுப்பில் ஏற்றினார்கள். போட்டவர் வெள்ளைக் கோட்டில் பெயர் இல்லை. ஸ்கேன் மெஷின் எதுவும் அறையில் இல்லை. விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் குத்தினார். அப்புறம் ஏதோ சிவப்பு விளக்கு, அப்புறம் டேப் ஒட்டுதல். ஊன்றுகோலோடு போயிருந்தேன். "அதெல்லாம் வேண்டாம், நடந்தால்தான் ரத்த ஓட்டம் வரும், வாக்கிங் போங்கள்" என்றார். போனேன். தினமும் நாலு கிலோமீட்டர். சேடா நகர் முருகன் கோயில் படிகூட ஏறினேன், நேர்த்திக்கடன் மாதிரி.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு வலி ஏறிக்கொண்டே போனது. கேட்டேன். "வலி கூடினா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்க்கா." சரி என்று விட்டேன். மூன்றாவது தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. டாக்டர் கான்ஃபரன்ஸ் போயிருக்கிறார் என்றார்கள், மெஷின் சர்வீஸில் இருக்கிறது என்றார்கள். நவம்பரில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அந்த வாரத்திலிருந்து அவனுக்குத் தமிழ் மறந்துபோனது. "மேடம், ரீஃபண்ட் கா ப்ராசஸ் சல் ரஹா ஹை." பணத்தைத் திருப்பித் தரும் வேலை நடக்கிறதாம். நான் தமிழில் கேட்கக் கேட்க அவன் இந்தியிலேயே பதில் சொன்னான். அக்கா போய் மேடம், மேடமும் போய் வாட்ஸப்பில் 'டியர் பேஷன்ட்'. கடைசியில் என் எண்ணையே தடுத்துவிட்டான். ரிசப்ஷனில் கேட்டால் கடன் கம்பெனியிடம் பேசுங்கள் என்கிறார்கள். கடன் கம்பெனியில் கேட்டால், நாங்கள் பணத்தை சென்டருக்குக் கொடுத்தாயிற்று, தவணை தவறினால் சிபில், அதாவது கடன் மதிப்பெண், கெடும் என்கிறார்கள். நேரில் போய் நின்ற என் வீட்டுக்காரரிடம், "சிகிச்சையை நடுவில் நிறுத்தியது நீங்கள்தான்" என்று எழுதித் தந்திருக்கிறார்கள்!

டிசம்பர் முதல் வாரம். ஆபீசுக்குத் தாணே போக வேண்டும், குர்லாவில் ஹார்பர் லைனிலிருந்து சென்ட்ரலுக்கு மாற மேம்பாலம் ஏறினேன். பாதிப் படியில் வலது கால் நின்றுவிட்டது. வலி என்று சொல்லக்கூடாது அதை. பின்னால் வருகிற கூட்டம் நிற்குமா? யாரோ ஒரு மீன்கார அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கைப்பிடிச் சுவர் பக்கம் இழுத்து நிறுத்தினாள்.

பழைய டாக்டரிடமே போனேன், வெட்கமாகத்தான் இருந்தது. இந்தத் தடவை எக்ஸ்ரேயிலேயே தெரிந்தது. பந்தின் மேல்பக்கம் பிறைபோல ஒரு கோடு, அதற்கு மேல் அமுங்கிப்போன எலும்பு. அவர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்களா?" இல்லை, கையிலிருந்து ரத்தம்தான் என்றேன். "அப்படியென்றால் அது ஸ்டெம் செல்லே இல்லை. பி.ஆர்.பி." உங்கள் ரத்தத்தைச் சுற்றிப் பிரித்து உங்களுக்கே ஏற்றுவது. சில ஆயிரத்தில் முடிகிற சமாசாரம். அதையும் இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அல்ட்ராசவுண்டோ எக்ஸ்ரேயோ பார்த்துக்கொண்டுதான் போட வேண்டுமாம். என் ஊசி மூட்டுக்குள் போனதா, தொடைச் சதையில் போனதா என்பதுகூட யாருக்கும் தெரியாது. இதில் கொடுமை, மஜ்ஜையிலிருந்து எடுத்ததை கோர் டீகம்ப்ரஷனோடு சேர்த்துச் சில டாக்டர்கள் வைக்கிறார்கள். அதாவது நான் பயந்து ஓடிய அந்தத் துளையோடு சேர்த்து.

அன்றைக்கே துளை போட்டிருந்தால் என் மூட்டு தப்பித்திருக்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். டாக்டரும் பண்ணவில்லை. அந்த வாய்ப்பு எனக்கு இருந்தது, அதை 1,38,000 ரூபாய் கொடுத்து நானே தொலைத்தேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஜனவரி 12 அன்று முழு மூட்டு மாற்று. தொடை எலும்புக்குள் உலோகத் தண்டு, அதன் மேல் செராமிக் பந்து, பிளாஸ்டிக் உள்வரி வைத்த கிண்ணம். மறுநாளே எழுப்பி நடக்கவிட்டார்கள். அந்தப் பழைய வலி, ஆறு மாதமாக ராத்திரியில் கடுத்த வலி, மயக்கம் தெளிந்தபோதே இல்லை. வெட்டின வலி வேறு, அது பரவாயில்லை. இப்போதைக்குக் குனியக்கூடாது, தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது, கால் மேல் கால் கூடாது, தரையில் உட்காரக்கூடாது. கால் நடுவில் தலையணை வைத்துத்தான் தூக்கம். சாக்ஸ் போட்டுவிடுவது வீட்டுக்காரர். நீச்சல், சைக்கிள், மெல்ல மெல்ல மலைப் பாதைகூடப் போகலாம், ஓடுவதையும் குதிப்பதையும் விட்டுவிடுங்கள் என்கிறார் டாக்டர். 42 வயதில் போட்டதால் ஆயுளில் இன்னொரு தடவை மாற்ற வேண்டி வரலாம். கல்சுபாய் ஏணியைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆபரேஷனுக்குப் பெரும்பகுதி இன்ஷூரன்ஸ் கொடுத்தது. சென்டரின் 1,38,000க்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. பில்லில் 'வெல்னெஸ் பேக்கேஜ்' என்று இருக்கிறது, சிகிச்சை என்ற சொல்லே கிடையாது, டாக்டர் பெயரும் கிடையாது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இருபது நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியவில்லை, அதனால் சுருக்கமாக. மூட்டுக்கு ஸ்டெம் செல் என்று யாராவது விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலில் ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றைத் தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சிக் கணக்குத்தான். ஊசி போடுகிறவரின் பெயரையும் மெடிக்கல் கவுன்சில் பதிவு எண்ணையும் முதலில் கேளுங்கள், நான் நவம்பரிலிருந்து கேட்கிறேன், இன்னும் வரவில்லை. ஓ.டி.பி.யை அங்கே உட்கார்ந்து சொல்லாதீர்கள். ஏ.வி.என். என்று எழுதின ரிப்போர்ட் கையில் இருந்தால் இன்னொரு எலும்பு டாக்டரிடம் அந்த வாரமே காட்டுங்கள். ஸ்டீராய்டு எடுத்தவர்கள் தொடை இடுக்கு வலியை ஸ்ப்ரே அடித்து ஓட்டாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகார் சொல்லியாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லையாம், வீட்டுக்காரர் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறார். இதே மாதிரி இடத்தில் பணம் கொடுத்தவர்கள், முக்கியமாகத் தமிழில் 'அக்கா', 'அண்ணா' என்று பேசி வாங்கியிருந்தால், பில்லின் படத்தோடு எனக்குத் தனியாக எழுதுங்கள். சேர்த்துப் போடலாம். பிசியோ வந்து பெல் அடிக்கிறார், கதவு வரை நடக்கவே எனக்கு மூன்று நிமிஷம் ஆகும்.