களிமண் வயலுக்கு எந்த மோட்டார்?

வீட்டில் பி.எல்.டி.சி. ஃபேன் இருந்தால் சுவிட்சைப் போட்டுவிட்டு இறக்கையைக் கவனியுங்கள். சில ஃபேன்கள் உடனே சுற்றாது. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று லேசாக ஆடிவிட்டு, அப்புறம்தான் சுற்றத் தொடங்கும். ஆர்.சி. காருக்கு, அதாவது ரிமோட்டில் ஓட்டும் சின்னக் காருக்கு, அந்த ஃபேனில் இருக்கும் அதே வகை பிரஷ்லெஸ் மோட்டார் வாங்கப் போனால் சென்சாரா, சென்சார்லெஸ்ஸா என்று ஒரு சண்டை வரும். அந்தச் சண்டை முழுக்க இந்த ஒரு நொடி ஆட்டத்தைப் பற்றியதுதான்.

இந்த மோட்டாரில் காந்தம் சுற்றும், செப்புச் சுருள் அசையாது. எந்தச் சுருளுக்கு எப்போது கரண்ட் விடுவது என்பது இ.எஸ்.சி.யின் (மோட்டாரைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) வேலை. அதற்குக் காந்தம் எந்த நிலையில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். சென்சார் மோட்டாரில், காந்தத்தை உணரும் மூன்று ஹால் சென்சார்கள் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். சென்சார்லெஸ்ஸில், கரண்ட் போகாத சுருளில் சுற்றும் காந்தம் உண்டாக்கும் வோல்டேஜைப் பார்த்து இ.எஸ்.சி. கணக்குப் போடுகிறது. காந்தம் நின்றுவிட்டால் வோல்டேஜும் இல்லை, கணக்கும் இல்லை. முதல் அசைவு குத்துமதிப்புதான்.

சிமென்ட் தரையில் இது பெரிய குறையாகத் தெரியாது. எங்கள் கும்பகோணம் பக்கத்து வயலில் தெரியும். சம்பா அறுத்த பிறகு, மேட்டூர் தண்ணீர் வரும்வரை காய்ந்து கிடக்கும் வயல்தான் எங்களுக்கு மைதானம். (எல்லா வயலும் அல்ல. அறுவடைக்கு முன்பே உளுந்து தெளித்திருப்பார்கள். கேட்காமல் இறக்கினால் திட்டு நிச்சயம்.) மெஷின் அறுத்துவிட்டுப் போன ஜான் உயரத் தாளில் கார் மோதி நிற்கும். த்ராட்டிலை மெல்ல அழுத்தினால் சக்கரம் அரை அங்குலம் முன்னே போகும், நிற்கும், டர்டர் என்று நடுங்கும், திடீரென்று எகிறும். "மாமா, வண்டி திக்குது" என்றான் அக்கா பையன். அவன் சொன்ன வார்த்தையையே நாங்கள் வைத்துக்கொண்டோம். திக்கும்போது இ.எஸ்.சி. வழியாகக் கரண்ட் அதிகமாகப் பாயும், வண்டியோ நகராது. நான் முதலில் வாங்கிய மலிவான மோட்டார், இ.எஸ்.சி. செட் ஒன்று இப்படியே திக்கித் திக்கி, ஒரு சாயங்காலத்தில் கருகிய வாசனையோடு போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் சென்சார்தானே நல்லது? ரேஸ் டிராக்கில் சந்தேகமில்லை. அங்கே 13.5டி, 17.5டி என்று செப்புக் கம்பியின் சுற்றுக் கணக்கில் வகுப்புப் பிரித்து ஓட்டுவது சென்சார் மோட்டார்களைத்தான். கம்பிச் சுற்று குறையக் குறைய வேகம் கூடும். ஹாபிவிங் கம்பெனியின் குயிக்ரன் 10பிஎல்60 சென்சார் இ.எஸ்.சி.யோடு அப்படி ஒரு மோட்டாரைச் சேர்த்தால், கார் மாட்டுவண்டி வேகத்தில்கூட வழுக்கிக்கொண்டு போகும்.

வயலில் சிக்கல் சென்சார் ஒயரில். இ.எஸ்.சி.யிலிருந்து மோட்டாருக்கு ஆறு மெல்லிய இழைகளாகப் போகிறது. காவிரி வண்டல் காய்ந்தால் மாவு, நனைந்தால் பசை. வரப்பைத் தாண்டி வாய்க்கால் ஈரத்தில் ஒருமுறை விழுந்தாலே அந்தச் சின்ன சாக்கெட்டுக்குள் சேறு போய் உட்கார்ந்துகொள்ளும். பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்திருக்கிறேன், வைக்கோல் சுற்றி ஒயர் அறுந்தும் பார்த்திருக்கிறேன். பல சென்சார் இ.எஸ்.சி.கள் ஒயர் போனால் சென்சார்லெஸ் முறைக்கு மாறிக்கொள்ளும், வண்டி வீடு வந்து சேரும். ஆனால் கூடுதல் காசு கொடுத்து வாங்கியது அந்த நேரத்தில் உதவவில்லையே.

இன்னொன்று. போர் மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்று பேஸில் இரண்டை மாற்றிப் போடுவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சென்சார்லெஸ் ஆர்.சி. மோட்டாருக்கும் அதே வைத்தியம்தான். சென்சார் மோட்டாரில் மட்டும் அதைச் செய்யாதீர்கள். ஏ, பி, சி என்று எழுதியிருக்கும் வரிசைப்படிதான் கொடுக்க வேண்டும். திசையை இ.எஸ்.சி. செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை காஸில் கிரியேஷன்ஸ் வைத்திருக்கிறது. சென்சாரைக் கொண்டு கிளம்பி, வேகம் எடுத்ததும் சென்சார்லெஸ்ஸுக்கு மாறிவிடும். புத்திசாலித்தனமான ஏற்பாடு, ஆனால் சேறு புகும் அந்த ஒயர் இதிலும் இருக்கிறது.

ஹாபிவிங்கின் குயிக்ரன் ஃபியூஷன் வேறு சாதி. மோட்டாரும் இ.எஸ்.சி.யும் ஒரே கூட்டுக்குள். வெளியே மூன்று பேஸ் ஒயரும் கிடையாது, சென்சார் ஒயரும் கிடையாது. தண்ணீரும் புகாது. மெதுவாகப் பாறை ஏறும் கிராலர் காருக்காகச் செய்தது. ஆற்றங்கரைப் படித்துறையில் ஒவ்வொரு படியாக இறக்கிப் பார்த்தால் இதன் அருமை தெரியும், பிடித்த இடத்தில் அப்படியே நிற்கும். ஆனால் 1200, 1800 கே.வி. (வேகத்தைச் சொல்லும் எண், கணக்கு கீழே) மோட்டாரை வைத்துக்கொண்டு வயலில் புழுதி கிளப்ப முடியாது. பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

வயலுக்கு என் ஓட்டு, தண்ணீர் புகாத சென்சார்லெஸ் செட்டுக்கு. டிராக்ஸாஸ் வெலினியன் 3500 கே.வி. செட் அப்படிப்பட்டது. ஹாபிவிங்கின் ஈஸிரன் மேக்ஸ்10 செட்டும் அப்படியே, அதில் 3652 மோட்டார் வரும். 36 மில்லிமீட்டர் விட்டம், 52 நீளம் என்பதுதான் அந்த எண். அதிலேயே 3300, 4000, 5400 கே.வி. என்று கிடைக்கும். கடையில் எல்லோர் கையும் 5400க்குத்தான் போகும். அங்கேதான் தப்பு நடக்கிறது.

கே.வி. என்பது சுமையில்லாதபோது ஒரு வோல்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. 5400ஐ 2எஸ் லிப்போவில், அதாவது இரண்டு செல் பேட்டரியின் 7.4 வோல்டில் ஓட்டினால் கிட்டத்தட்ட 40,000 சுற்று. 3300ஐ 3எஸ் லிப்போவில், 11.1 வோல்டில் ஓட்டினால் சுமார் 36,600. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 300 வாட் வேலைக்கு முதலாவது 40 ஆம்பியர் இழுக்கும், இரண்டாவது 27 ஆம்பியர்தான். ஒயர், கனெக்டர், இ.எஸ்.சி. எல்லாம் அவ்வளவு குறைவாகச் சூடாகும். சித்திரை வெயிலில், ஃபேன் கிரில்லில் வைக்கோல் தூசி அடைத்திருக்கும் காருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அதோடு பினியனில் (மோட்டார் தண்டில் மாட்டும் சின்னப் பல்சக்கரம்) ஒன்றிரண்டு பல் குறைத்துவிடுங்கள். திக்கலும் பாதி அடங்கும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டார் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுர்ரென்று பொங்கி மறைந்தால் காந்தத்தின் ஆயுள் கரைகிறது, பல்லை இன்னும் குறைக்க வேண்டும். என் காரில் 3300 மோட்டார். கடையில் வந்த பினியனை மாற்றி இரண்டு பல் குறைவாகப் போட்டிருக்கிறேன். அக்கா பையனுக்கு வேகம் போதவில்லையாம், 5400 வேண்டும் என்கிறான். அவன் காசில் வாங்கட்டும்.