"பழைய மனைதான், விதிவிலக்கு உண்டு" என்று சொன்னால் உட்பிரிவு எண்ணைப் பாருங்கள்

கிருஷ்ணகிரி பக்கம் மனை தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். காவேரிப்பட்டணம் தாண்டி, ஒரு மாந்தோப்பை அழித்துப் போட்ட மனைக்கு ஆறரை லட்சம் கொடுத்துவிட்டு நிற்கிறோம்.

2021-ல் தரகர் கூட்டிப்போய்க் காட்டியபோது மாமரங்களின் அடிக்கட்டைகள்கூட இன்னும் பிடுங்கப்படவில்லை. மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள், ரோடு என்று சுண்ணாம்பில் இழுத்த கோடு. "டிடிசிபி அப்ரூவல் இருக்கா அண்ணா?" என்று கேட்டேன். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தருகிற நகர் ஊரமைப்பு இயக்ககத்தைத்தான் டிடிசிபி என்பார்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு தம்பி. இது 2016-க்கு முந்தின லேஅவுட். கவர்மென்ட்டே விதிவிலக்கு கொடுத்திருக்கு, வரன்முறை பண்ணிக்கலாம்" என்றார். ஆதாரமாக 2014-ஆம் வருடப் பத்திரம் ஒன்றின் நகலையும் கையில் கொடுத்தார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் நம்பினோம். அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்த, அதாவது பின்னால் முறைப்படி அங்கீகரிக்க, 2017-ல் விதிகள் வந்தது நிஜம். ஆனால் 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்குள் சில மனைகளாவது விற்றுப் பதிவாகியிருந்த மனைப்பிரிவுக்குத்தான் அந்தச் சலுகை. நேற்று தோப்பை வெட்டிக் கல் நட்டவர்களுக்கு அது கிடையாது. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் இருக்கிற வரைபடம் அங்கீகாரமும் ஆகாது.

அங்கீகாரம் இல்லாத மனையைப் பதியவே கூடாதே, எங்களுக்கு எப்படிப் பதிவானது? பத்திரத்தில் மனை எண்ணே இல்லை. "புன்செய் 2¾ சென்ட்" என்று விவசாய நிலமாக எழுதிவிட்டார்கள். 1200 சதுர அடிதான் அது. எழுத்தர் வாசிக்க வாசிக்க நானும் மனைவியும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

போன வருடம் வீடு கட்ட பிளான் அனுமதி கேட்டபோதுதான், இது மனையே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தரகரிடம் ஓடினோம். "விதிவிலக்கு வாங்கித் தர்றேன், ஐம்பதாயிரம் ஆகும்" என்றார். மனைவியின் வளையலை அடகு வைத்துக் கொடுத்தோம். ரசீது கிடையாது. அப்புறம் போனையே எடுக்கவில்லை.

என் மச்சான்தான் ஒரு ராத்திரி அந்த 2014 நகலையும் எங்கள் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சர்வே எண் ஒன்றுதான். அந்த சர்வே எண்ணுக்குள் எந்தத் துண்டு நிலம் என்று காட்டுகிற உட்பிரிவு எண் அதில் 2ஏ, எங்களுடையதில் 2பி. தோப்பை ஒட்டியிருக்கிற வேறொருவர் நிலத்தின் பத்திரம் அது. ஒரே ஓர் எழுத்து வித்தியாசம், மூன்று வருடமாக எங்கள் கண்ணில் படவில்லை.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது ஒரு நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரங்களை, காசு கொடுக்காமலே பார்க்கலாம். நீங்கள் வாங்கப்போகிற நிலத்தின் சர்வே எண்ணை உட்பிரிவோடு போட்டு நீங்களே தேடுங்கள், தரகர் எடுத்துத் தருவதை நம்பாதீர்கள். பத்திரத்தின் வரைவை இரண்டு நாள் முன்னாலேயே கேட்டு வாங்குங்கள். சொத்து விவரத்தில் மனை எண்ணும் அங்கீகார எண்ணும் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். அந்தத் தோப்பில் இன்னும் பதினோரு மனை விற்காமல் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமைகூட ஒரு குடும்பத்தைக் காரில் கூட்டிவந்து காட்டியிருக்கிறார்கள்.