காருக்கு லோயர் ஆர்ம் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்: 5,600 ரூபாய் ஏமாந்துவிட்டேன்

இதை எழுதும்போது கார் முற்றத்தில் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது, முன்சக்கரம் இரண்டும் கழற்றியபடி. நேற்று சாயங்காலம்தான் கடைக்காரர் கடைசியாகக் கையை விரித்தார். ராத்திரி தூக்கமே இல்லை. கடைப் பெயரை எழுதவில்லை. நாகர்கோவிலில் கார் உதிரி பாகம் விற்கிற கடை, அவ்வளவுதான் சொல்வேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, பாகம் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

என்னுடையது 2014 மாடல் ஸ்விஃப்ட், 92,000 கிலோமீட்டர் ஓடியது. நான் குளச்சல் பக்கம். கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிகள் நம் ரோட்டை என்ன பாடு படுத்துகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாதமாகப் பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் டொக் டொக் என்று சத்தம். ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தேன். ஆட்டம் தெரிந்தது. குனிந்து பார்த்தால் லோயர் ஆர்மில், அதாவது முன்சக்கரத்தை வண்டி பிரேமோடு இணைக்கிற கீழ்க் கையில், பிரேம் பக்கம் இருக்கிற ரப்பர் புஷ் வெடித்திருந்தது, சக்கரப் பக்கம் இருக்கிற குண்டு மூட்டான பால் ஜாயிண்டும் தேய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அந்தக் கடைக்குப் போனதும் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "குளச்சலா? எனக்க மூத்த மகளக் கெட்டிக் குடுத்தது அங்கதானாக்கும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார், சாயா வாங்கித் தந்தார். வீட்டிலேயே மாட்டப் போகிறேன் என்று நான்தான் முதலில் சொன்னேன். அதைக் கேட்டு அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "நல்ல காரியம். லேபருக்கு எதுக்கு மக்கா துட்டு குடுக்க? நீயே மாட்டலாம். ஒரிஜினல் சாதனமாக்கும். ஆறு மாசத்துக்குள்ள என்ன வந்தாலும் கொண்டு வா, மாத்தித் தாறேன்."

பெட்டியில் கம்பெனி பெயர் இருந்தது, மினுங்குகிற ஸ்டிக்கர் இருந்தது. பில் கேட்டேன். "பில் போட்டா வரி கூடும், நம்ம ஊர்க்காரனுக்கு எதுக்கு?" என்று ஒரு துண்டுச் சீட்டில் "ஆர்ம் 2, 5600" என்று எழுதிக் கொடுத்தார். அப்பா வயது இருக்கும் அவருக்கு. மகளைக் கட்டிக் கொடுத்த ஊர் என்கிறார், சாயா தருகிறார். அதற்குமேல் வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. 5,600 ரூபாயையும் யுபிஐயில் அனுப்பினேன்.

மறுநாள் ஞாயிறு. அக்கா மகன் உதவிக்கு வந்தான். கடல் காற்றில் துருவேறிய போல்ட் லேசில் கழலாது, அதனால் முந்தின ராத்திரியே எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்து, பால் ஜாயிண்டைப் பிடித்திருக்கும் போல்ட்டை எடுத்து, ஆர்மைக் கம்பியால் கீழே நெம்பி, பிரேமில் இருக்கிற இரண்டு போல்ட்டையும் கழற்றினோம். புதியதை மாட்டியபோது பிரேம் போல்ட்டுகளைக் கையிறுக்கத்தில் மட்டும் விட்டோம். சக்கரத்தை மாட்டி, மரக்கட்டைகள் மேல் வண்டியை இறக்கி, பாரம் உட்கார்ந்த பிறகுதான் முழுதாக முறுக்கினேன். ஆர்ம் தொங்கிக்கொண்டிருக்கும்போது முறுக்கினால் புஷ் ரப்பர் திருகிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். இதை இவ்வளவு விவரமாக எழுதக் காரணம் இருக்கிறது. திங்கட்கிழமை சக்கரக் கோணத்தைச் சரிசெய்கிற அலைன்மெண்டும் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் சத்தம் திரும்ப வந்தது. வண்டி இடப்பக்கம் இழுத்தது. அன்று மார்த்தாண்டம் மேம்பாலத்தில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். பால் ஜாயிண்ட் கழன்று வந்தால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும், ஸ்டியரிங்கைத் திருப்பி ஒன்றும் செய்ய முடியாது. அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

அலைன்மெண்ட் கடைக்காரர் வண்டியைத் தூக்கிப் பார்த்தார். புஷ் ரப்பர் நடுக்குழாயை விட்டுப் பிரிந்திருந்தது. பால் ஜாயிண்ட் உறை வெடித்து உள்ளே கிரீஸ் என்பதே இல்லை, ஒன்பது நாளில் ஆட்டம் கண்டுவிட்டது. "அண்ணே, இது ஒரிஜினல் இல்ல" என்றார். வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்து ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், வேறு பார்ட் நம்பர்.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். முதல் தடவை போனபோது கடைப் பையன், "முதலாளி கல்யாண வீட்டுக்குப் போயிருக்காரு" என்றான். இரண்டாவது தடவை, "கம்பெனி ரெப்பு வெள்ளிக்கிழமை வருவான், காட்டிட்டு மாத்தலாம்." வெள்ளிக்கிழமை போன் எடுக்கவில்லை. பிறகு போட்டோ அனுப்பச் சொன்னார், அனுப்பினேன், பார்த்ததற்கு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. நேற்று இரண்டு ஆர்மையும் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு அண்ணன் பைக்கில் போய் அவர் மேஜைமேல் வைத்தேன். "வீட்டுல வச்சு மாட்டுன சாதனத்துக்கு எவன் வாரண்டி தருவான்? சுத்தியல் போட்டு அடிச்சிருப்ப. பில் இருந்தா காட்டு."

நீயே மாட்டலாம் என்று சொன்னதும் அதே வாய். பில் எதுக்கு என்று கேட்டதும் அதே வாய். புஷ் கிழிந்ததற்கு என் முறுக்கைக் குறை சொல்லட்டும், நான் எப்படி முறுக்கினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். பால் ஜாயிண்ட் தயாரிக்கிற இடத்திலேயே மூடி அடைத்து வருகிற பாகம். அதற்குள் கிரீஸ் இல்லாததற்கு நான் எப்படிக் காரணம்? இதைக் கேட்டேன். வேறு ஆளிடம் வியாபாரம் பேசத் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தார்கள்.

5,600 ரூபாய், இரண்டு தடவை அலைன்மெண்ட் கூலி, நான்கு நாள் அலைச்சல். 5,600 ரூபாய் எனக்குச் சின்னத் தொகை இல்லை.

சரி, கவனிக்க வேண்டியவை. பில் இல்லாமல் வாங்காதீர்கள், யார் என்ன உறவு சொன்னாலும். ஸ்டிக்கருக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கடையிலேயே சுரண்டிப் பாருங்கள். பழைய ஆர்மைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து எடையும் அதில் பொறித்த எழுத்தும் ஒத்துப் பாருங்கள். பழையதை உடனே ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) போடாதீர்கள், நான் போட்டுவிட்டேன், இல்லாவிட்டால் அதற்குப் புதிய புஷ்ஷாவது அடித்திருக்கலாம். மாட்டும்போது வீடியோ எடுத்து வையுங்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915.

அந்த எண்ணில் இன்று காலையில் புகார் பதிந்துவிட்டேன். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக்குக் கட்டணம் கிடையாது. துண்டுச் சீட்டு, யுபிஐ ரசீது, இரண்டு ஆர்ம், பெட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை நாகர்கோவில் ஆணையத்துக்குப் போகிறேன். சமீபத்தில் துண்டுச் சீட்டில் ஆர்ம் வாங்கி மாட்டியவர்கள் யாராவது இருந்தால், நாளைக்கு வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஒரு தடவை அசைத்துப் பாருங்கள்.