குளிர்கால வாத்து வேட்டை: நியோபிரீனா பிரீத்தபிளா, கிளவுஸா மஃப்பா?

வாத்து வேட்டையில குளிர் ஏன் இவ்ளோ படுத்துதுன்னா, இருட்டுலயே கிளம்பி மூட்டையத் தூக்கிட்டு சேத்துல நடந்து போய் டிக்காய் (நிஜ வாத்தை ஏமாத்தி வரவைக்கற பொம்மை வாத்து) எல்லாத்தையும் தண்ணியில விட்டு முடிக்கறதுக்குள்ள உடம்பு நல்லா வேர்த்துடும், அப்புறம் மணிக்கணக்கா ஆடாம அசையாம உக்காரணும், அந்த வேர்வைதான் நம்மள நடுங்க வைக்குது. அதனால எதை வாங்குனாலும் எவ்ளோ கதகதப்பா இருக்கும்னு மட்டும் பாக்காதீங்க, உள்ள ஈரம் தங்குதான்னு பாருங்க.

முதல்ல வேய்டர்ஸ், அதாவது தண்ணியில இறங்கி நிக்கப் போடற, காலோட சேர்ந்த தண்ணி புகாத உடுப்பு, ஏன்னா மத்த எல்லாமே இதைப் பொறுத்துதான் மாறும். நியோபிரீன் வேய்டர்ஸ் பெரும்பாலும் 3.5 மி.மீ. இல்ல 5 மி.மீ. தடிமன்ல வருது. அந்த ரப்பர் ஃபோமுக்குள்ள அடைபட்டிருக்கற குட்டிக் குட்டி வாயுக் குமிழிதான் குளிரைத் தடுக்குது, வெளிய நனைஞ்சாலும் அது வேலை செய்யும். தண்ணி காத்தை விட சுமார் 25 மடங்கு வேகமா சூட்டை இழுக்கும், அதனால ஐஸ் ஓரத்துல இடுப்பளவு தண்ணியில நின்னே சுடறவங்களுக்கு 5 மி.மீ. நியோபிரீன் மாதிரி வேற எதுவும் இல்ல. ஆனா வேர்வை வெளிய போகவே போகாது, வெயிட்டும் ஜாஸ்தி, காயவும் ரொம்ப நேரம் எடுக்கும்.

பிரீத்தபிள் வேய்டர்ஸ் நேர் எதிர். துணியில இருக்கற மெம்பிரேன்ங்கற மெல்லிசு படலம் வேர்வை ஆவியை வெளிய விடும், ஆனா அதுக்குன்னு தனியா சூடு கிடையாது, உள்ள போடற ஃபிளீஸ் பேன்ட்தான் சூடு. லேசான குளிருக்கு ஒண்ணு, கடுங்குளிருக்கு ரெண்டுன்னு நாமளே மாத்திக்கலாம். முள்ளு குத்தி சின்ன ஓட்டை விழுந்தா உள்பக்கத்தைத் திருப்பி ரப்பிங் ஆல்கஹாலைத் தெளிச்சா போதும், லீக் ஆகற இடம் கருப்பா தெரியும், அங்க பசை வச்சிடலாம். ரொம்ப தூரம் நடக்கறவங்க யோசிக்காம இதை எடுங்க. படகுலயே போய் படகுலயே வர்றவங்களுக்கு நியோபிரீன் சரி. ஒண்ணுதான் வாங்க முடியும்னா நான் பிரீத்தபிள்னுதான் சொல்வேன். எதுவா இருந்தாலும் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டாம தண்ணியில இறங்கவே கூடாது, விழுந்தா உள்ள தண்ணி ரொம்பறதைக் குறைக்கறது அதுதான்.

அடுத்தது காலுக்குப் போடற பூட்ஸ். அதுல 1000, 1600 கிராம்னு போட்டிருக்கறது பூட்டோட வெயிட் இல்ல, உள்ள இருக்கற இன்சுலேஷன் ஒரு சதுர மீட்டருக்கு எவ்ளோ கனம்னு. அசையாம உக்காரணும்னா 1600, நிறைய நடக்கணும்னா 1000க்குக் கீழ. சூடா இருக்கும்னு இறுக்கமான பூட்டுல ரெண்டு சாக்ஸ் போடறாங்க, அதனால ரத்த ஓட்டம் குறைஞ்சு கால் இன்னும் வெறைக்கும், ஒரு சைஸ் பெரிய பூட் வாங்கி ஒரு நல்ல மெரினோ கம்பளி சாக்ஸ் போடறதே மேல்.

கைக்கு வரலாம். தடி கிளவுஸ் போட்டா டிரிக்கர் தெரியாது, மெல்லிசா போட்டா விரல் மரத்துப் போகும். இதுக்கு நல்ல வழி இடுப்புல கட்டற மஃப் (ரெண்டு பக்கமும் கை விடற குழாய் மாதிரி பை), மெல்லிசு கிளவுஸோட கையை அதுக்குள்ள வச்சுக்கலாம், பறவை வந்தா சட்டுனு வெளிய எடுத்துடலாம். டிக்காய் போட மட்டும் முழங்கை வரைக்கும் வர்ற நியோபிரீன் கிளவுஸ் தனியா வேணும், முடிஞ்சதும் கழட்டிடுங்க.

மஃப்புக்குள்ள வைக்க இரும்புத் தூள் பாக்கெட்டா, சார்ஜ் பண்ற வார்மரா? பாக்கெட் காத்துல இருக்கற ஆக்ஸிஜனால சூடாகுது, அதனால காத்துப் புகாத வேய்டர்ஸ் பூட்டுக்குள்ள போட்டா சீக்கிரம் அணைஞ்சிடும். பாதியில வேட்டை முடிஞ்சா காத்துப் புகாத கவர்ல மூடி வைங்க, மறுபடி யூஸ் ஆகும். சார்ஜ் வார்மர்ல சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம், ஆனா குளிர்ல பேட்டரி வேகமா இறங்கும், தண்ணியில விழுந்தா கதை முடிஞ்சது. ரெண்டையும் வச்சுக்கறதுதான் பாதுகாப்பு.

ஜாக்கெட்டுக்குள்ள போட டவுன் (பறவையோட மென்மையான உள்இறகு) அடைச்சது ரொம்ப லேசு, ரொம்ப சூடு, ஆனா நனைஞ்சா அமுங்கிப் போய் சூடே நிக்காது. தண்ணியிலயே கிடக்கற இந்த வேட்டைக்கு செயற்கை இழை அடைச்ச சிந்தெடிக்தான். உடம்பை ஒட்டிப் போடறது மெரினோவா பாலியெஸ்டரா எதுனாலும் ஓகே, பருத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு செட் காஞ்ச துணி வாட்டர்புரூஃப் பையில எப்பவும் இருக்கணும். 1940 நவம்பர் 11ஆம் தேதி அமெரிக்காவுல காலையில இதமா இருக்கேன்னு லேசான துணியோட மிசிசிப்பி ஆத்துக்குப் போன வாத்து வேட்டைக்காரங்க நிறைய பேர் அன்னிக்கே திடீர்னு அடிச்ச பனிப்புயல்ல உறைஞ்சு செத்துட்டாங்க.

புரோபேன் ஹீட்டர் சுகம்தான், ஆனா நாலு பக்கமும் மூடுன மறைவிடத்துல கார்பன் மோனாக்சைடு சேரும், காத்து வர வழி இல்லன்னா பத்த வைக்காதீங்க.

நாய் கூட வருதுன்னா அதுக்கும் நியோபிரீன் வெஸ்ட் போடுங்க, உடம்போட ஒட்டி இருக்கணும், லூஸா இருந்தா உள்ள தண்ணி புகுந்து இழுக்கும். முன்னங்கால் இடுக்குல உரசிப் புண்ணாகுதான்னு அப்பப்ப பாருங்க, தண்ணிக்கு மேல அது நிக்க ஒரு ஸ்டாண்டும் வச்சுக் குடுங்க.