சாம்பார் இல்லாத இட்லி: சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பார்

பெங்களூர் சங்கரபுரத்தில், சங்கர மடத்துக்குப் பக்கத்தில், 1965 முதல் நடந்துவரும் பிராமின்ஸ் காபி பாரில் சாம்பார் கிடையாது. 'தீர்ந்துவிட்டது' என்ற பதில்கூட அங்கே வராது. ஏனெனில் அதைச் சமைப்பதே இல்லை. இட்லி, உளுந்து வடை, காராபாத், கேசரிபாத், காபி, டீ என்று விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய பட்டியலை வைத்துக்கொண்டு அறுபது ஆண்டுகளாகக் கூட்டம் சேர்க்கிற கடை இது. தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களை முன்கூட்டி எதுவும் சொல்லாமல் அங்கே அழைத்துப் போய் நிறுத்துவதில் எனக்கு ஒரு குறும்பான ஆசை உண்டு. இந்த முறை அகப்பட்டவர் கும்பகோணத்துச் சித்தப்பா. சாம்பார் தஞ்சை மராட்டியர் அரண்மனையில்தான் பிறந்தது என்ற கதையைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தவர் அவர். ஓர் ஓட்டலின் யோக்கியதையை அங்கே ஊற்றும் சாம்பாரின் வாசனையை வைத்தே நிர்ணயிப்பவர்.

அல்சூரிலிருந்து மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, நேஷனல் காலேஜ் நிலையத்தில் இறங்கி நடந்தோம். கடையின் பெயர்ப்பலகையைக் கண்டதும் சித்தப்பா நின்றுவிட்டார். அவருடைய தலைமுறைத் தமிழர் எவரும் அப்படித்தான் நிற்பார்கள். சாதிப் பெயர் தாங்கிய ஓட்டல் பலகைகளை எதிர்த்து, 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் பெரியார் மறியல் நடத்திய வரலாறு நமக்கு உண்டு; அதற்குப் பிறகு நம் ஊர்களில் 'பிராமணாள் காபி கிளப்' என்ற எழுத்துகள் மெல்ல மறைந்தன. பெங்களூரில் அப்படி நடக்கவில்லை. லால்பாக் அருகே உள்ள புகழ்பெற்ற எம்.டி.ஆரும் 1924இல் தொடங்கியபோது பிராமின் காபி கிளப் என்ற பெயரில்தான் இருந்தது. மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்பது பின்னால் வந்த பெயர். இந்தப் பெயர் எனக்கும் உறுத்தலாகத்தான் இருக்கிறது, அதை மறைப்பதற்கில்லை. உள்ளே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. காசு கொடுத்தவருக்குத் தட்டு வருகிறது.

உட்காரும் ஓட்டலை எதிர்பார்த்து வருகிறவர்கள் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும். கல்லாவில் பணம் கட்டிச் சீட்டு வாங்கி, அதைப் பரிமாறுமிடத்தில் நீட்டி, தட்டை ஏந்திக்கொண்டு நடைபாதை ஓரமாகவோ மரத்தடியிலோ நின்று சாப்பிட வேண்டியதுதான். 1980களில் 'தர்ஷினி' என்ற பெயரோடு நின்றுண்ணும் கடைகள் இந்நகரெங்கும் பரவுவதற்கு முன்பே இங்கே இதுதான் முறை. முழங்கால் வலியுள்ளவர்களுக்கு இது ஏற்ற இடம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தட்டு கைக்கு வந்து காலியாகும் நேரம் பத்து நிமிடம்கூட இல்லை என்பதால் சித்தப்பாவின் எழுபது வயதுக் கால்கள் தாக்குப்பிடித்தன.

இரண்டு இட்லி, ஒரு வடை, அவற்றின் மீதும் சுற்றிலும் இளம்பச்சை நிறத்தில் சட்னி. சித்தப்பா தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "சாம்பார் எங்கேடா? நாமதான் போய் எடுத்துக்கணுமா?" இல்லை என்றேன். "காலியா?" "இங்கே சாம்பாரே வைக்க மாட்டாங்க, சித்தப்பா." அவர் என்னைப் பார்த்த பார்வையில், பெண் வீட்டார் சீர்வரிசையில் எதையோ மறைத்துவிட்டார்கள் என்று கண்டுபிடித்த சம்பந்தியின் தோரணை இருந்தது.

இந்த இட்லியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் இட்லி அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே ஊறவைத்து அரைத்துச் சேர்க்கிறோம். கன்னட நாட்டில் உளுந்தை மட்டும் அரைத்து, கழுவிப் பிழிந்த அரிசி ரவையை அதில் கலந்து புளிக்கவிடுவது பரவலான வழக்கம். அதனால் இந்தப் பக்கத்து இட்லி நம்முடையதைப் போல வழவழவென்று இராமல், பிட்டால் மணிமணியாக உதிரும். நாக்குக்கு முதலில் இது சற்று அந்நியமாகத்தான் படும். ஆனால் அந்தச் சொரசொரப்புக்கு ஒரு பயன் இருக்கிறது: ஊற்றுகிற எதையும் அது பஞ்சு போல இழுத்துக்கொள்கிறது. சாம்பார் ஊற்றியிருந்தால் அதன் புளியும் பருப்பும் பெருங்காயமும் முன்னால் வந்து நின்று, மாவின் மெல்லிய புளிப்பை மூடிவிட்டிருக்கும். இங்கே அந்தப் புளிப்பு கடைசி விள்ளல் வரை நாக்கில் தெரிகிறது.

சட்னி, நாம் வீட்டில் அரைக்கும் கெட்டிச் சட்னியைப் போலத் தொட்டுக்கொள்வதற்கானது அன்று; ஊற்றிக்கொள்வதற்கானது. தேங்காய், பொட்டுக்கடலை, பச்சைமிளகாய் ஆகியவை தெளிவாகத் தெரிந்தன. காரம் வாயில் இறங்கியதும் தெரியாமல், விழுங்கிய பிறகு தொண்டையில் மெதுவாக எழுந்தது. கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள், கணக்கு வைத்துக்கொள்வதில்லை. என் அலுவலகத்தின் கீழே ஒரு புதுக் கடை இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே கட்டைவிரல் அளவுக் கிண்ணத்தில் சட்னி வைத்துவிட்டு, இரண்டாம் முறை கேட்டால் தனியாகக் காசு வாங்குகிறார்கள். அதை நினைத்துக்கொண்டே நான் மூன்றாம் முறை தட்டை நீட்டினேன். என் பின்னால் சித்தப்பாவின் தட்டும் வந்து நின்றது.

வடையைப் பற்றி இரண்டு கருத்து இருக்க முடியாது. மேற்புறம் கரகரப்பு, உள்ளே ஈரம். எண்ணெய் விரலில் லேசாக ஒட்டியதே தவிர, தட்டில் தேங்கவில்லை. ஒரு பாதியை உடனே தின்றுவிட்டு மறுபாதியைச் சட்னியில் ஊறவிட வேண்டும் என்பது என் முறை. முழுவதையும் ஊறவைக்கிறவர்கள் கரகரப்பை இழக்கிறார்கள், ஊறவே வைக்காதவர்கள் சட்னிக்குத் துரோகம் செய்கிறார்கள். காராபாத் நம் ரவா உப்புமாவின் மசாலாப் பொடி போட்ட உறவினர், நன்றாகவே இருக்கிறது. கேசரிபாத் என் நாக்குக்குத் தித்திப்புச் சற்றுத் தூக்கல், ஆனால் அருகில் நின்ற பள்ளிக்கூடப் பையன் இரண்டாம் தட்டு வாங்கிக்கொண்டிருந்தான் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

காபியில்தான் சித்தப்பாவை எளிதில் வளைக்க முடியாது என்று நினைத்திருந்தேன். கும்பகோணம் டிகிரி காபிக்காரர் ஆயிற்றே! நாட்டில் விளையும் காபியில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு கர்நாடகத்தில்தான் விளைகிறது என்ற புள்ளிவிவரத்தை எடுத்துவிட்டேன், அவர் அசையவில்லை. ஒரு காபியை 'பை டூ' என்று சொல்லி இருவர் பகிர்ந்துகொள்வது பெங்களூர் வழக்கம் என்றும் சொன்னேன். "காபியிலே யாராவது பாகப்பிரிவினை பண்ணுவாங்களா?" என்று கேட்டுவிட்டுத் தனக்கு முழுக் காபி வாங்கிக்கொண்டார். சூடு குறையாமல், டிகாக்ஷனின் கசப்பு பாலுக்கு அடங்கிவிடாமல் இருந்தது. குடித்து முடித்தவர், "சிக்கரி கொஞ்சம் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய பாராட்டின் உச்சம் ஏறக்குறைய அதுதான்.

பணத்தைப் பொறுத்தவரை, வயிறு நிறையச் சாப்பிட்டும் ஆளுக்கு நூறு ரூபாயைத் தாண்டவில்லை. காலையில் சீக்கிரம் போவது நல்லது. எட்டு மணிக்கு மேல் கல்லாவின் முன் வரிசை நீள்கிறது. நண்பகலில் மூடிவிட்டுப் பிற்பகலில் மீண்டும் திறக்கிறார்கள். பார்சல் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருமுறை வாங்கிக்கொண்டு வீடு வந்து பிரித்தபோது, வழியெல்லாம் வேர்த்து இட்லி தளர்ந்து போயிருந்தது. வீட்டிலிருந்த சாம்பாரை ஊற்றித்தான் அதை ஒப்பேற்ற வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம். சித்தப்பாவுக்கு ஞாயிறு மாலைதான் ரயில். கிளம்புகிற நாளில் காலை டிபனை எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று வெள்ளிக்கிழமை இரவு பேச்சு வந்தபோது இந்த விடுமுறையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அப்போ நாளைக்கே போயிட்டு வந்துடலாம்" என்றார்.