மியூஸ்கோர் 4: ஒரே ஸ்டாஃபில் இரண்டு வாய்ஸ் எழுதுவோருக்கு

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் தேவாலயக் கொயர் (பாடகர் குழு) நடத்துபவர்களுக்கு, பாட்டை இசைக்குறியாக எழுத உதவும் மியூஸ்கோர் 4 மென்பொருள் போதுமா என்றால், போதும் என்பதே எங்கள் பதில். இலவசம், ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். மியூஸ் சவுண்ட்ஸ் ஒலித்தொகுப்பு விருப்பம்தான். பழைய மடிக்கணினி என்றால் அதைப் போடவே வேண்டாம், கூடவே வரும் அடிப்படை ஒலி பயிற்சிக்குப் போதும்.

கவனம் தேவைப்படுவது ரெஸ்ட் (பாடாமல் நிற்கும் இடத்துக்கான குறி) விஷயத்தில். ஒரே ஸ்டாஃபில் (ஐந்து கோட்டு வரிசையில்) இரண்டு வாய்ஸ் (தனித்தனிக் குரல் வரி) எழுதும்போது இந்த மென்பொருள் ரெஸ்ட்டுகளை எப்படி நடத்துகிறது என்று தெரியாமல் இறங்கினால், தாள் முழுக்கத் தேவையற்ற ரெஸ்ட் முளைத்திருக்கும். ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடுகிறவர் எங்கே மூச்சு விடுவது, எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறுவார்.

ஒரு ஸ்டாஃபுக்கு நான்கு வாய்ஸ் வரை உண்டு. நாலு குரல் ஞானப்பாட்டுக்கு மேல் ஸ்டாஃபில் சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்) வாய்ஸ் 1, ஆல்ட்டோ வாய்ஸ் 2. கீழ் ஸ்டாஃபில் டெனர் (ஆண்களின் மேல்குரல்) வாய்ஸ் 1, பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) வாய்ஸ் 2. முதலில் சோப்ரானோவைக் கடைசி பார் (செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட கட்டம்) வரை முடித்துவிடுங்கள். அப்புறம் எஸ்கேப், முதல் பாரின் மேல் ஒரு கிளிக், ‘என்’ (N) விசை (நோட் எழுதும் நிலை), அதற்குப் பிறகே கண்ட்ரோல்+ஆல்ட்+2. இந்த வரிசை முக்கியம். ‘என்’ அழுத்தாமல், ஏதாவதொரு நோட் தேர்வாகியிருக்கும்போது வாய்ஸ் 2 பொத்தானைத் தொட்டால், அந்த சோப்ரானோ நோட்டே வாய்ஸ் 2க்கு இடம் மாறிவிடும். ‘என்’ அழுத்திவிட்டு வாய்ஸை மாற்ற மறந்தாலோ, ஆல்ட்டோ வரி சோப்ரானோவின் மேலேயே ஏறி அதை அழித்துவிடும். நிறத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள்: நீலம் வாய்ஸ் 1, பச்சை வாய்ஸ் 2.

ரெஸ்ட் போடக் கால அளவு முதலில், 0 பிறகு. குவேவருக்கு 4, அதைப்போல் இருமடங்கு நீளமான கிராட்செட்டுக்கு 5, அதைவிட இருமடங்கான மினிமுக்கு 6. ஆக, கிராட்செட் ரெஸ்ட் என்றால் 5, 0.

ஆல்ட்டோ ஒரு பாரில் மூன்றாம் பீட்டில்தான் (தாள அடியில்தான்) நுழைகிறது என்று வையுங்கள். அந்த இடத்து சோப்ரானோ நோட்டைத் தேர்ந்து, ‘என்’, வாய்ஸ் 2, நோட். உடனே பாரின் மிச்ச இடங்களையெல்லாம் மியூஸ்கோர் வாய்ஸ் 2 ரெஸ்ட்டால் நிரப்பும். கணக்குக்காக அது தானாகப் போட்டவை அவை. நீங்கள் வேண்டுமென்றே எழுதிய ரெஸ்ட்டுக்கும் இந்த நிரப்பு ரெஸ்ட்டுக்கும் அது எந்த வித்தியாசமும் காட்டாது. இதுதான் இந்த மென்பொருளின் பெரிய குறை என்று நினைக்கிறோம். எது நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்பதை ஒவ்வொன்றாக நீங்களே தீர்மானிக்க வேண்டும். ஆல்ட்டோ உண்மையிலேயே வாய்மூடி நிற்கும் இடத்தில் ரெஸ்ட்டை விட்டுவையுங்கள். பாட்டின் நடுவே ஒரு சொல்லுக்கு மட்டும் குரல் இரண்டாகப் பிரிகிறது என்றால், அதன் முன்னும் பின்னும் உள்ள ரெஸ்ட்டை டெலீட் செய்யலாம்.

வாய்ஸ் 2, 3, 4 ரெஸ்ட்டுகள் டெலீட் விசைக்கு அடங்கிப் போய்விடும். வாய்ஸ் 1 ரெஸ்ட்டை மறைக்கத்தான் முடியும்: அதைத் தேர்ந்து ‘வி’ (V) அழுத்தினால் திரையில் சாம்பல் நிறமாகத் தெரியும், அச்சில் வராது. அழித்த இடத்தில் பின்னர் ஏதாவது எழுத வேண்டுமென்றால் நேராக அங்கே கிளிக் செய்து பயனில்லை, பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. அதே பீட்டில் உள்ள வாய்ஸ் 1 நோட்டைப் பிடித்து, மேலே சொன்ன வழியில் வாய்ஸ் 2க்குப் போங்கள்.

இருவரும் சேர்ந்து நிறுத்தும் பாரில் ஒன்று மேலே, ஒன்று கீழே என இரண்டு ரெஸ்ட் தெரியும். ஸ்டாஃபின் மேல் வலது கிளிக், ஸ்டாஃப்/பார்ட் ப்ராப்பர்ட்டீஸ், அதில் ‘மெர்ஜ் மேட்சிங் ரெஸ்ட்ஸ்’ அமைப்பை இயக்குங்கள். இரண்டும் ஒன்றாகி நடுவுக்கு வரும். ஒரே பீட்டில் தொடங்கி ஒரே நீளமாக இருந்தால் மட்டுமே இது நடக்கும். சோப்ரானோவுக்கு மினிம் ரெஸ்ட், ஆல்ட்டோவுக்கு இரண்டு கிராட்செட் ரெஸ்ட் என்று எழுதியிருந்தால் சேராது, முதலில் ஒரே மாதிரி மாற்றுங்கள். ரெஸ்ட் நோட்டோடு மோதினால் அதைத் தேர்ந்து மேல், கீழ் அம்புக்குறியால் நகர்த்தலாம்.

கைபேசிக்குத் தனித்தனிக் குரலாகப் பயிற்சி ஒலி அனுப்புபவர்களுக்கு இன்னொரு சங்கடம்: மிக்சரில் ஒரே ஸ்டாஃபின் இரண்டு வாய்ஸைத் தனித்தனியே ம்யூட் செய்ய வழியில்லை. கோப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு அதில் செய்யுங்கள். எஃப்6 அழுத்தி செலக்‌ஷன் ஃபில்டரில் வாய்ஸ் 1 டிக்கை எடுத்துவிட்டு, மேல் ஸ்டாஃபை முழுவதும் தேர்ந்து நகலெடுத்து, புதிய இசைக்கருவியாகச் சேர்த்த ஸ்டாஃபில் ஒட்டுங்கள். டூல்ஸ், வாய்சஸ் வழியாக 1-2 எக்ஸ்சேஞ்ச் செய்தால் ஆல்ட்டோ அங்கே வாய்ஸ் 1 ஆகிவிடும். வேலை முடிந்ததும் ஃபில்டரில் எல்லா டிக்கையும் திரும்பப் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நகலெடுப்பில் சோப்ரானோ காணாமல் போகும்.

ரெஸ்ட்டுக்காகவே மென்பொருள் வாங்குவதென்றால் டோரிகோ என்ற இன்னொரு இசைக்குறி மென்பொருள் மேல். நிரப்பு ரெஸ்ட்டையும் எழுதிய ரெஸ்ட்டையும் அது பிரித்தறியும். ஆனால் அதன் முழுப் பதிப்புக்குக் கொடுக்கும் காசை ஒரு சின்னக் கொயர் நல்ல கீபோர்டுக்குச் செலவழிப்பதே மேல். ஃபினாலே என்ற இசைக்குறி மென்பொருளில் பழைய கோப்புகள் வைத்திருப்பவர்கள் காத்திருக்க வேண்டாம்: 2024 ஆகஸ்டில் அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டதாக அறிவிப்பு வந்துவிட்டது. ஃபினாலே உங்கள் கணினியில் ஓடும்போதே எல்லாவற்றையும் மியூசிக்எக்ஸ்எம்எல் (மென்பொருள்களுக்கிடையே இசைக்குறியை மாற்றிக்கொள்ளும் பொதுக் கோப்பு வகை) ஆக ஏற்றுமதி செய்து மியூஸ்கோரில் திறந்து, வாய்ஸ் 2 ரெஸ்ட்டுகளைப் பார் பாராகச் சரிபாருங்கள்.